மலைநாட்டில் ஆறு மாதமா, கண்டியில் முழுக் காலமா: சத்திர சிகிச்சைப் பயிற்சிக்கு எது நல்லது?

இலங்கையில் பொதுச் சத்திர சிகிச்சை நிபுணராக விரும்புகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எம்.டி. என்ற பட்டப்பின் பரீட்சையின் முதற்பகுதி, ரெஜிஸ்ட்ரார் (நிபுணராகப் பயிலும் மருத்துவர்) காலம், எம்.டி. இறுதிப் பரீட்சை, அதற்குப் பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், அதில் ஒரு துண்டு பெரும்பாலும் இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ. இந்தப் பாதையின் பெரும்பகுதி கொழும்பு, கண்டி, பேராதனை, காலி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களின் பெரிய வைத்தியசாலைகளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நிபுணர் என்று பெயர் வாங்கியதும் பலருக்குக் கிடைக்கிற முதல் நியமனமோ தூரத்து ஆஸ்பத்திரிக்கு. நேற்றுவரை ஆலோசனை கேட்க அடுத்த வார்டில் ஆள் இருந்தது. இன்று அந்த ஊருக்கே இவர் ஒருவர்தான் சர்ஜன்.

ஆகவே பயிற்சிக் காலத்தில் கிராமப்புறச் சுழற்சி வேண்டுமா வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. வேண்டும். எவ்வளவு காலம், எந்த அளவு ஆஸ்பத்திரியில், பயிற்சியின் எந்தக் கட்டத்தில் என்பதில்தான் தெரிவுகள் இருக்கின்றன. அந்தத் தெரிவுகளுக்குள் வித்தியாசம் பெரிது. மலைநாட்டில் பிறந்து, அங்கேயே சத்திர சிகிச்சை வார்டுகளில் வைத்திய அதிகாரியாக இருந்தவன் என்ற இடத்திலிருந்து இதை எழுதுகிறேன். ரெஜிஸ்ட்ராராகப் போகிற பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. பயிற்சித் திட்டம் போடுகிறவர்களும் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில், போகாமலே இருப்பது. முழுக் காலத்தையும் கண்டியிலோ கொழும்பிலோ கழிப்பது. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். கண்டித் தேசிய வைத்தியசாலையில் ஒரு வாரத்தில் பார்க்கிற நோய்களின் வகையைச் சின்ன ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் பார்க்க முடியாது. புற்றுநோய், இரத்தக்குழாய், சிறுநீரகப்பாதை, பிளாஸ்டிக், குழந்தைச் சத்திர சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபுணர்கள். சி.டி. ஸ்கேன் எந்நேரமும் எடுக்கலாம். திசுப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நாலைந்து துறையினர் சேர்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுகிற கூட்டங்கள் நடக்கும். பரீட்சைக்குப் படிக்கக் கூட்டாளிகள் கிடைப்பார்கள். எம்.டி. இறுதிப் பரீட்சையில் வருகிற கேள்விகளில் பாதிக்கு விடை அந்தக் கூட்டங்களில்தான் இருக்கிறது.

ஆனால் அதே வசதிதான் குறையாகவும் மாறுகிறது. ஒரு சிறுவனின் விதை முறுக்கிக்கொண்டால் அவன் குழந்தைச் சத்திர சிகிச்சைப் பிரிவுக்கோ சிறுநீரகப்பாதைப் பிரிவுக்கோ போவான். காலில் இரத்த ஓட்டம் நின்றால் இரத்தக்குழாய்ப் பிரிவு. தீக்காயத்துக்கு வேறு பிரிவு. பொதுச் சத்திர சிகிச்சை ரெஜிஸ்ட்ரார் இவற்றையெல்லாம் படித்திருப்பார், பார்த்துமிருப்பார். தீர்மானம் எடுத்திருக்க மாட்டார். மேசையைச் சுற்றி நிபுணர், சீனியர் ரெஜிஸ்ட்ரார், ரெஜிஸ்ட்ரார், உள்ளகப் பயிற்சி மருத்துவர் என்று வரிசை நிற்கும்போது, கத்தி கடைசியில் யார் கைக்கு வரும் என்பது அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வழி, இரண்டு மூன்று மாதக் குறுஞ்சுழற்சி. இந்தியா தேர்ந்தெடுத்தது இதைத்தான். 2020 செப்டெம்பரில் வந்த விதித் திருத்தத்தின்படி, அங்கே எம்.எஸ்., எம்.டி. படிக்கும் ஒவ்வொருவரும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் அரையாண்டுகளில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல். நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் அமுலாக்கக்கூடிய திட்டம், செலவும் குறைவு. ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது மாவட்ட ஆஸ்பத்திரியின் வாசலை மிதிக்கிறார்கள் என்ற அளவில் நல்லதே.

சத்திர சிகிச்சைக்கு மட்டும் மூன்று மாதம் போதாது என்பது என் கட்சி. முதல் மாதம் தியேட்டரில் யார் யார், இரத்த வங்கியில் என்ன இருக்கும், இரவில் எக்ஸ்ரே எடுக்க யாருக்குப் போன் போட வேண்டும் என்று தெரிந்துகொள்வதில் போய்விடும். இரண்டாம் மாதம் நிபுணர் இவரை எடைபோடுவார். மூன்றாம் மாதம் நம்பிக்கை வந்து, “நீ செய், நான் பக்கத்தில் நிற்கிறேன்” என்று சொல்லத் தொடங்கும்போது டிரான்ஸ்பர் கடிதம் வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. மூன்று மாதத்தில் போகிறவர், தான் செய்த சத்திர சிகிச்சையின் பின்விளைவைப் பார்ப்பதில்லை. ஹேர்னியா (குடலிறக்கம்) திரும்ப வந்ததா, புண் ஆறியதா, ஆள் வேலைக்குப் போனாரா என்பதெல்லாம் அடுத்து வருகிறவர் காதில் விழுகிற செய்தி. தன் வேலையின் பலனைத் தானே பார்க்காத சர்ஜன் எத்தனை கேஸ் செய்தாலும் ஒரே கேஸைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்.

மூன்றாவது வழி, ஒரே இடத்தில் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். அமெரிக்காவில் ஒரிகன் மாநில மருத்துவப் பல்கலைக்கழகம் இந்த வழியில் போயிற்று. அங்கே சத்திர சிகிச்சைப் பயிற்சியில் இருப்பவர்களில் சிலர், விரும்பினால், கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரத்தில் ஒரு முழு வருடம் வேலை செய்யலாம். அந்த வருடத்தைக் கழித்தவர்கள் பின்னால் நுண்பிரிவுகளுக்குப் போகாமல் பொதுச் சத்திர சிகிச்சையிலேயே நிற்பதும் சிறு ஊர்களில் வேலை பார்ப்பதும் கூடுதலாக இருந்ததாக அங்கிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். விரும்பிப் போனவர்கள் முன்பே அந்த மனம் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். கிராமத்து வேலை அவர்களை மாற்றியதா, மாறத் தயாரானவர்கள் கிராமத்துக்குப் போனார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனாலும் ஒரு வருடம் இருந்தவர் தனியாக நின்று வேலை செய்யப் பழகி வருவார் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை.

நான்காவது, பயிற்சி முடிந்த பிறகு கட்டாயப் பணி. நம் நாட்டில் நடைமுறையில் இருப்பது ஏறக்குறைய இதுதான். பயிற்சியில் சேர்க்காத கிராமத்தை முதல் நியமனமாகக் கொடுக்கிறோம். அப்போது பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த ஆளில்லை. கற்றுக்கொள்வதற்கான விலையை நோயாளி கொடுக்கிறார். வந்தவரும் அடுத்த இடமாற்றப் பட்டியலை எண்ணிக்கொண்டிருப்பார். தேயிலைத் தோட்டத்துச் சனம் இதை நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறது. புது டொக்டர் வந்தால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “இவரு எத்தனை நாளைக்கு?” 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிபுணர்கள் நாட்டை விட்டுப் போகத் தொடங்கியதோடு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது.

இவற்றை ஒப்பிட எதை அளவுகோலாக வைப்பது? பலரும் கேஸ் எண்ணிக்கையை வைக்கிறார்கள். லொக் புத்தகத்தில் எத்தனை அப்பென்டிக்ஸ், எத்தனை ஹேர்னியா, எத்தனை வயிற்றுத் திறப்பு. அதை நான் கடைசியாகத்தான் வைப்பேன். முதலாவது, ஒரு நோயாளியை இங்கேயே வைத்துக்கொள்வதா மேலே அனுப்புவதா என்ற தீர்மானம். மலைநாட்டில் சர்ஜனின் திறமை பாதி அங்கேதான் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் இதைக் கற்கவே முடியாது, ஏனென்றால் எல்லோரும் அனுப்பிவைக்கிற இடமே அதுதான்.

2015இல் வெளிவந்த உலகளாவிய சத்திர சிகிச்சை பற்றிய லான்செட் ஆணைக்குழு அறிக்கை, ஒரு சனத்தொகைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் மூன்று சிகிச்சைகள் எட்ட வேண்டும் என்று அளவுகோல் வைத்தது: வயிற்றைத் திறக்கும் சத்திர சிகிச்சை, சிசேரியன், திறந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை. இரண்டு மணித்தியாலத்தை மலைநாட்டில் வைத்து எண்ணிப் பாருங்கள். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர்தான். வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. இறம்பொடை வளைவுகளில் மூடுபனி இறங்கிய இரவில், பின்னால் நோயாளி வாந்தி எடுத்துக்கொண்டிருக்க அம்புலன்ஸ் ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். அது நுவரெலியாவிலிருந்து. மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ மேலே, தோட்டத்து வீதியில் லொறி மட்டுமே ஏறுகிற டிவிசனிலிருந்து புறப்படுகிறவருக்குக் கணக்கு வேறு. 1990க்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் பெரிய உதவிதான், ஆனால் அது வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் சேவை. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப அந்த ஆஸ்பத்திரியின் சொந்த வண்டி வேண்டும், கூடப் போக ஒரு தாதியோ டொக்டரோ வேண்டும், அவர் திரும்பி வரும்வரை வார்டில் ஓர் ஆள் குறைவு.

இப்போது அந்த விதை முறுக்கிய சிறுவனைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று, பதினாலு வயது. வெட்கத்தில் வயிற்று வலி என்றுதான் சொல்வான். அம்மா காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது இஞ்சித் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். மாலையில் தோட்டத்து டிஸ்பென்சரி, பிறகு பிரதேச வைத்தியசாலை, பிறகு இங்கே. முறுக்கு ஏற்பட்டு ஆறு மணித்தியாலத்துக்குள் திறந்து அவிழ்த்துவிட்டால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வாய்ப்பு சரியும். ஒரு நாள் கடந்தால் அனேகமாக எடுத்துவிட வேண்டியதுதான். செய்ய வேண்டிய சத்திர சிகிச்சையோ பெரிய சிக்கலானது அல்ல. திறந்து, அவிழ்த்து, சூடான ஈரத்துணியில் வைத்து நிறம் திரும்புகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் தைத்து நிறுத்துவது. எந்தப் பொதுச் சர்ஜனும் செய்யக் கூடியது.

கண்டியில் மட்டும் பயின்ற ஒருவருக்கு அந்த இரவில் என்ன தோன்றும்? இது வேறு பிரிவுக்குப் போகிற கேஸ், ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும், அனுப்பிவிடுவோம். அவர் சோம்பேறி என்பதற்காக அல்ல, அவருக்குப் பழக்கப்பட்ட வழி அது. அனுப்பினால் அடுத்த ஆஸ்பத்திரி மேசைக்குப் போகும்போது ஆறு மணித்தியாலம் எப்போதோ முடிந்திருக்கும். ஆறு மாதம் மலையில் இருந்தவர் ஸ்கேனுக்குக் காத்திராமல் கையால் பார்த்து, மயக்க மருந்து டொக்டரை எழுப்பி, அரை மணித்தியாலத்தில் தியேட்டருக்குள் நிற்பார்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். வைத்துக்கொள்ளத் துணிவது மட்டும் திறமையல்ல. தலையில் அடிபட்டு மயக்கம் கூடிக்கொண்டே போகிறவரை, ஈரல் கிழிந்து இரத்தம் கொட்டுகிறவரை, இரத்த வங்கியில் நாலு பை மட்டும் இருக்கும்போது என்ன செய்வது? சில வேளைகளில் வயிற்றைத் திறந்து, துணி அடைத்து இரத்தத்தை நிறுத்தி, மூடாமலே பெரிய இடத்துக்கு அனுப்புவதுதான் சரி. அந்தப் பாதிச் சத்திர சிகிச்சையைச் செய்யத் தெரிவது, முழுசாகச் செய்யத் தெரிவதைவிடக் கடினம். இது புத்தகத்தில் இருக்கிறது. மனசில் பதிவது, கூட இருக்கும் மூத்த சர்ஜன் இரவு ஒரு மணிக்கு, “இதுக்கு மேலே தொடாதே, போதும்” என்று சொல்லக் கேட்டால்தான்.

வீதி என்று ஒன்று இருக்கும் என்பதை வைத்தே இந்தக் கணக்கெல்லாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் எத்தனை இடத்தில் இறங்கின என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதைகள் அறுந்துபோன அந்த நாட்களில் “மேலே அனுப்புவோம்” என்ற தெரிவே கிடையாது. அதே ஆண்டு மே 11 விடியலில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், 15 பேர். இப்படியான இரவில் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் வந்தால், யாரை முதலில் தொடுவது, யாரை முதல் வண்டியில் ஏற்றுவது, யாருக்கு வலி மருந்து மட்டும் கொடுத்து ஓரமாக வைப்பது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அந்த ஒருவர் முன்பு ஒரு தடவையாவது அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் நல்லது.

அளவுகோலில் இரண்டாவது, நோயாளியின் வீட்டைத் தெரிந்துகொண்டு சிகிச்சையைத் தீர்மானிப்பது. இதைப் பற்றிப் பேசினால் சிலர் சமூக மருத்துவம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இது சுத்தமான சத்திர சிகிச்சைக் கேள்வி. பெருங்குடல் முறுக்கி அழுகிய நிலையில் வருகிற ஒருவருக்கு, அழுகிய துண்டை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் அங்கேயே இணைப்பதா, அல்லது ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை மாட்டிவிட்டுப் பல மாதம் கழித்து இணைப்பதா என்பது பரீட்சையில் அடிக்கடி வருகிற கேள்வி. இரண்டாவது வழி பாதுகாப்பானது என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். பையோடு அவர் திரும்பிப் போகிற இடம் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பத்தடிக்குப் பத்தடி காம்பராவில் ஆறு பேர், தண்ணீர் பொதுப் பீலியில், கக்கூஸ் வரிசையின் கோடியில், சில இடங்களில் பல குடும்பங்களுக்கு ஒன்று. மாற்றுப் பை தீர்ந்தால் வாங்க டவுனுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் கண்ணால் பார்த்த ரெஜிஸ்ட்ரார் சில கேஸ்களில் இணைப்பதற்கே துணிவார். துணிய முடியாத கேஸில், பை வைத்து அனுப்பும்போதே திரும்ப இணைக்கும் திகதியை எழுதிக் கையில் கொடுத்துவிடுவார், “பிறகு பார்ப்போம்” என்று விடமாட்டார்.

கிளினிக் விசயமும் அப்படியே. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனால்தான் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். பாதி நாள் போனால் அரைப்பேர். தையல் வெட்ட ஒரு நாள், புண் காட்ட ஒரு நாள், ரிப்போர்ட் காட்ட ஒரு நாள் என்று மூன்று தடவை கூப்பிட்டால் மூன்று பேர் நட்டம், அதற்கு மேல் பஸ் காசு. வரமாட்டார்கள். வராததை “படிக்காத சனம்” என்று பெட் டிக்கட்டில் (நோயாளியின் வார்டுக் குறிப்பில்) எழுதிவிட்டுப் போகிற டொக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அனுபவசாலி, கரைகிற நூலால் தைப்பார், தையல் வெட்ட வேண்டியிருந்தால் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் துண்டு எழுதிக் கொடுப்பார், மூன்று காரியத்தையும் ஒரே நாளில் முடிப்பார். ஹேர்னியா சத்திர சிகிச்சை செய்துகொண்டவர் டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போகும்போது, “எப்ப வேலைக்கு இறங்கலாம் சார்?” என்று கேட்பார். “ரெண்டு மூணு மாசம் இலேசான வேலை மட்டும்” என்று சொல்லிப் பழகியவருக்கு, தோட்டத்தில் இலேசான வேலை என்றால் என்ன என்று தெரியாது. உர மூட்டையா, கவ்வாத்துக் கத்தியா, கொழுந்துச் சாக்கா? ஆள் எந்த வேலை செய்கிறார் என்று சத்திர சிகிச்சைக்கு முன்னரே கேட்டு, வேலை குறைந்த பருவத்துக்குத் திகதி போட்டுக் கொடுக்கிற சர்ஜன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆறு மாதம் இருந்து பார்க்க வேண்டும்.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலைநாட்டு வார்டில் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறவர்கள் படுத்திருக்க, சம்மதப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரர் மொழிபெயர்த்துச் சொல்கிற காட்சி இன்னும் இருக்கிறது. குறுகிய காலத்துக்கு வருகிற சிங்கள டொக்டருக்கு நாலு வார்த்தை பழகவே நேரம் இல்லை. ஆறு மாதம் இருந்தவர்களில் நன்றாகப் பேசப் பழகிவிட்டவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிற தமிழ் டொக்டர்களுக்கும் நம் பேச்சு பிடிபடச் சில வாரம் ஆகும். வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்டுப் பழகினால் சரி.

இவ்வளவும் சொன்னபின், எந்த ஆஸ்பத்திரி என்ற கேள்வி. இங்கேதான் பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். கிராமம் என்றால் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். இரவில் தியேட்டர் திறக்காத, மயக்க மருந்து கொடுக்க ஆளில்லாத பிரதேச வைத்தியசாலையில் சத்திர சிகிச்சை ரெஜிஸ்ட்ராரை வைப்பதில் அர்த்தமில்லை. அவர் அங்கே வெளிநோயாளர் சீட்டு எழுதுவார், காயம் தைப்பார், மீதிக்கு அனுப்பிவைப்பார். அது ஆளணிப் பற்றாக்குறையை மறைக்கிற ஏற்பாடு. பயிற்சி என்று அதற்குப் பெயர் வைக்கக் கூடாது.

டிக்கோயா அளவிலான ஆதார வைத்தியசாலை அடுத்த படி. இந்திய உதவியோடு கட்டி 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்து வைத்த கட்டடம் அது, 150 கட்டில்கள். சுற்றிவர முழுக்கத் தோட்டங்கள், ஆகவே மேலே சொன்ன எல்லாமே அங்கே அன்றாடம். ஆனால் இந்த அளவு ஆஸ்பத்திரிகளில் பொதுவாக ஒரு துறைக்கு ஒரு நிபுணர் என்றுதான் வைக்க முடிகிறது. அவர் லீவு போனாலோ மாற்றலாகிப் போனாலோ ரெஜிஸ்ட்ரார் தனியே. மயக்க மருந்து டொக்டர் ஒருவரே என்றால், அவர் சிசேரியனில் நிற்கும்போது வயிறு வீங்கியவர் காத்திருக்க வேண்டும். அனுபவம் குறைந்த ரெஜிஸ்ட்ராருக்கு இது ஆபத்து, நோயாளிக்கு அதைவிட. எம்.டி. முடித்த சீனியர் ரெஜிஸ்ட்ராருக்கு இதுவே சரியான இடம், மூத்தவர் ஒருவர் போனில் எந்நேரமும் கிடைப்பார் என்ற ஏற்பாட்டோடு.

நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளைப் பெரியாஸ்பத்திரி, நாவலப்பிட்டி. ரெஜிஸ்ட்ராருக்கு நான் தேர்ந்தெடுப்பது இந்த அளவை. ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவும் ஓடுகிற தியேட்டர், இரத்த வங்கி. ஆனால் ஒவ்வொரு நுண்பிரிவுக்கும் தனி நிபுணர் இல்லை, ஆகவே வருகிறது எல்லாம் பொதுச் சர்ஜன் கையில்தான் விழும். குடல் உள்நோக்கிப் பரிசோதனையிலிருந்து சர்க்கரைக்கால் துண்டிப்பு வரைக்கும், அடுப்பங்கரைத் தீக்காயத்திலிருந்து குளவி துரத்தி ஓடிச் சரிவில் விழுந்தவரின் விலா எலும்பு வரைக்கும். தீர்மானம் எடுக்கவும் வாய்ப்பு, தவறினால் பிடிக்கவும் ஆள். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்த நடுத்தர அளவில் மட்டும்தான்.

கட்டத்தைப் பொறுத்தவரை, ரெஜிஸ்ட்ரார் காலத்தின் முதல் வருடத்தில் அனுப்புவதை ஆதரிக்க மாட்டேன். கை பழகாதவர் பெரிய இடத்தில் நின்று நிறையப் பார்க்கட்டும், நிறையப் பிடித்துக் கொடுக்கட்டும். நடுப்பகுதியில், அப்பென்டிக்சும் ஹேர்னியாவும் யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்யத் தெரிந்தபிறகு, ஒரே துண்டாக ஆறு மாதம். ஒரு வருடம் என்றால் மலைநாட்டுக்கு லாபம்தான். ஆனால் பரீட்சைக்கு முன் ஒரு வருடம் கூட்டாளிகளை விட்டுத் தூர இருக்கச் சொன்னால் நல்ல பிள்ளைகளே பின்வாங்குவார்கள். இப்போது இணையத்தில் கலந்துரையாடல்கள் நடப்பதால் அந்தக் குறை கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுதாக இல்லை.

திட்டம் போடுகிறவர்களிடம் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டலில், தூர இடங்களில் வைத்தியர்கள் நிலைக்க வேண்டுமானால் அந்த மாதிரி இடங்களில் பிறந்து வளர்ந்த மாணவர்களைச் சேர்ப்பதும், படிக்கும்போதே அங்கே பயிற்சி கொடுப்பதும் பரிந்துரைகளில் இருந்தன. இரண்டாவதை மட்டும் செய்தால் பாதி வேலைதான். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருந்தாலும், அந்த ஒதுக்கீட்டுக்கு டவுன் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசை. லயத்திலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போகிறவர்கள் இன்னும் சொற்பம். அவர்களில் சர்ஜன் ஆகிறவர்கள் அதிலும் சொற்பம். ஆகிறவர்களையும் “நீ எங்க பிள்ளை, நீ இங்கேதான் இருக்கணும்” என்று கட்டிப்போடுவது நியாயமில்லை. மலைநாட்டைத் தெரிந்த சர்ஜன்கள் எல்லா ஊரிலிருந்தும் வர வேண்டும்.

தெரிவு உங்கள் கையில் இருந்தால், பெயரைப் பார்த்து இடத்தை எடுக்காமல், அங்கே இப்போது வேலை செய்கிற உள்ளகப் பயிற்சி மருத்துவருக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள். இரவில் மயக்க மருந்துக்கு எத்தனை பேர்? போன மாதம் எத்தனை இரவு தியேட்டர் திறக்கவில்லை, ஏன்? நிபுணர் லீவில் போனால் யார் பார்க்கிறார்? அவசரக் கேஸில் ரெஜிஸ்ட்ராருக்குக் கத்தி கிடைக்கிறதா, அல்லது எல்லாவற்றையும் சார்தான் செய்கிறாரா? குவாட்டர்ஸ் இருக்கிறதா, ஹீட்டர் வேலை செய்கிறதா? கடைசிக் கேள்விக்குச் சிரிக்க வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் மூன்று தடவை எழும்பி வார்டுக்குப் போகிறவருக்கு அது முக்கியம். முதல் மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் வராத இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு நாவலப்பிட்டியைச் சொல்வேன். கண்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான், ரயிலும் உண்டு, ஆனால் கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். தமிழ் சரளமாக வராதவர்கள், பழகும் எண்ணம் இருந்தால், நுவரெலியா. விபத்துச் சத்திர சிகிச்சையில் ஆர்வம் இருந்தால் பதுளை. இரத்தக்குழாய்க்கோ பிளாஸ்டிக்குக்கோ போவதென்று முடிவே கட்டிவிட்டவருக்கு ஆறு மாதம் கட்டாயமில்லை, மூன்று மாதத்தோடு திரும்பலாம். பொதுச் சத்திர சிகிச்சையிலேயே நிற்கப் போகிறவர் மூன்று மாதத்தைக் கேட்டு வாங்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுங்கள்.